ஒரு படம், பத்துப் பேர், ஒரு மணி நேரம்

கலைக்கூடத்துக்கு வருபவர்களை ஒரு வட்டமாகச் சேர்ப்பது எப்படி?

திறப்பு விழா அன்று கலைக்கூடம் நிரம்பி வழியும். குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை, சமோசா, தேநீர். மறுநாள் காலை பதினோரு மணிக்குப் போனால் காவலர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அதன்பின் வருகிற இரண்டு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரோரமாகவே நடந்து வாசலுக்கு வந்துவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் ‘அருமை’ என்றோ ‘வாழ்த்துகள்’ என்றோ எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த கண்காட்சிக்கு அவர்களில் யார் வருவார் என்பது கூடத்தை நடத்துபவருக்கே தெரியாது.

அந்த இரண்டு மூன்று பேரை, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கிற பத்துப் பேராக வளர்க்கும் வேலையைப் பற்றியது இந்த அத்தியாயம். இதைச் செய்யக் கலைக்கூடத்தின் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், நுண்கலைக் கல்லூரி மாணவி, சின்ன ஊரில் வாடகை அறையில் கேலரி நடத்துபவர், ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைக்கிற வங்கி ஊழியர் என யாரும் தொடங்கலாம். செலவு குறைவு. பொறுமைதான் நிறைய வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் கோட்பாடு

ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 150 பேரைக் கவனித்து, ஒரு படத்தின் முன் அவர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 2001-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி சராசரி 27.2 விநாடி. பாதிப் பார்வைகள் 17 விநாடிக்குள்ளேயே முடிந்துவிட்டன. சிகாகோவில் பின்னர் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்விலும் சராசரி 28.63 விநாடியைத் தாண்டவில்லை. பேர்போன படங்களுக்கே அரை நிமிடம்தான். பக்கத்தில் நிற்பவரிடம் வாய்திறக்க அந்த நேரம் போதாது. வட்டம் கட்ட விரும்புபவரின் முதல் வேலை, பார்க்கும் நேரத்தை நீட்டுவது.

இரண்டாவது, பேச்சுக்கு ஒரு பிடி வேண்டும். அமெரிக்க அருங்காட்சியக வடிவமைப்பாளர் நினா சைமன், ‘தி பார்ட்டிசிபேட்டரி மியூசியம்’ என்ற தம் 2010-ஆம் ஆண்டு நூலில் இதை விளக்கத் தம் நாயையே உதாரணம் காட்டுகிறார். நாயோடு தெருவில் நடந்தால், முன்பின் தெரியாதவர்களும் நின்று அதைப் பற்றிப் பேசுகிறார்கள். கலைக்கூடத்தில் அந்த இடத்தில் படமோ சிற்பமோ இருக்க வேண்டும். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் கூச்சப்படுகிறவர், “இந்தப் பெண் எதைப் பார்க்கிறாள் என்று நினைக்கிறீர்கள்?” என்றால் பேசத் தொடங்கிவிடுவார். கோட்பாடு இவ்வளவு போதும்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

1. *ஒரே ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுங்கள்.* மாதத்துக்கு ஓர் இடம் என்று ஊர் சுற்றினால் அது சுற்றுலாவாகிவிடும். காவலருக்கு முகம் தெரிய வேண்டும். எந்தச் சன்னல் பக்கம் காற்று வரும் என்பது வருபவர்களுக்குத் தெரிய வேண்டும். குறைந்தது ஆறு மாதம் ஒரே கூரையின்கீழ் கூடுங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம், குடிநீர், சுத்தமான கழிப்பறை, உட்கார இடம் ஆகிய நான்கையும் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். சுவரில் இருக்கும் படங்களின் புகழ் அதற்குப் பிறகுதான்.

2. *நாளை மாற்றாதீர்கள்.* நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் 1998-ல் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலைகளை இலவசமாகத் திறந்துவிடத் தொடங்கியது. அந்த நிகழ்ச்சியின் பெயரே ‘முதல் சனிக்கிழமை’தான். அழைப்பிதழ் பார்க்காதவருக்கும் நாள் நினைவிருக்கும். இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணி என்று வைத்தால், மழையானாலும் இரண்டே பேர் வந்தாலும் நடத்துங்கள். கூடத்தின் வார விடுமுறையை முன்பே விசாரியுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் வாசல்வரை போய்த் திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு.

3. *அனுமதியை எழுத்தில் பெறுங்கள்.* அரசு அருங்காட்சியகமானால் காப்பாட்சியருக்கு ஒரு பக்கக் கடிதம். தனியார் கேலரியானால் உரிமையாளருக்கு. எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த அறை, மடக்கு நாற்காலி கொண்டுவரலாமா, ஒளிப்படத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று எல்லாவற்றையும் அதில் எழுதிக் கேளுங்கள். ஒலிபெருக்கி கிடையாது, பொருள் விற்பனை கிடையாது என்பதையும் நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதித் தயக்கம் நீங்கும்.

4. *பத்துப் பேரோடு நிறுத்துங்கள்.* பதினைந்தைத் தாண்டினால் பின்வரிசை உருவாகும். பின்வரிசையில் நிற்பவர் பேசமாட்டார். ஆள் கூடினால் பதினொரு மணிக்கு இரண்டாவது வட்டம் வையுங்கள்.

5. *படத்தை முன்கூட்டியே நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள்.* முதல் நாள் போய் நீங்களே பத்து நிமிடம் அதன்முன் உட்காருங்கள். ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகும் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் படம் போதும். கண்ணாடிச் சட்டத்தில் விளக்கொளி எதிரடிக்கிறதா, பத்துப் பேர் வழியை மறிக்காமல் உட்கார இடமிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எழும்பூர் வெண்கலக் கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் இதற்கு மிகப் பொருத்தமானவர். பாதி ஆண், பாதி பெண் என்பது எல்லோருக்கும் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டதே என்று நகர்ந்துவிடுவார்கள். உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் ஈசன் பக்கம் இரண்டு கை, தேவி பக்கம் ஒரே கை என்பது உறைக்கும். ஏன் ஒன்று என்று ஒருவர் கேட்பார். ஈசன் பக்கம் வளைந்திருக்கும் கை எதன்மீது சாய்ந்திருந்தது என்று இன்னொருவர் கேட்பார். அதற்குப் பிறகு நடத்துபவருக்கு அதிக வேலை இல்லை. அதே அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றி பிரெஞ்சுச் சிற்பி ரோடின் எழுதிய கட்டுரை 1921-ல் அச்சானது. அவர் சிலையை நேரில் பார்த்ததில்லை. ஒளிப்படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். சிலையின் முன்னாலேயே உட்கார முடிகிறவர்களுக்கு அதைவிட அதிகம் கிடைக்கும்.

முதல் சந்திப்பு: நிமிடவாரியாக

‘ஸ்லோ ஆர்ட் டே’ என்ற பெயரில் ஆண்டுதோறும் ஏப்ரலில் பல நாடுகளின் கலைக்கூடங்களில் ஒரு நாள் கொண்டாடப்படுகிறது. ஃபில் டெர்ரி என்பவர் தொடங்கிய இது 2010-லிருந்து முறைப்படி நடந்துவருகிறது. விதி எளியது. ஐந்து படைப்புகளை, ஒவ்வொன்றையும் சுமார் பத்து நிமிடம் பாருங்கள். பிறகு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுங்கள். புதிதாகத் தொடங்குகிற வட்டத்துக்கு ஐந்து அதிகம். ஒன்றே போதும்.

1. *0–10 நிமிடம்:* வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு வரவேற்றுச் சட்டையில் ஒட்டும் பெயர்ச்சீட்டைக் கொடுங்கள். பெயர் மட்டும் போதும். வேலை, பட்டம், பதவி வேண்டாம். ஓய்வுபெற்ற அதிகாரியும் கல்லூரி மாணவரும் சமமாகப் பேச இது ஒன்றே வழி.

2. *10–20:* படத்தின் முன் உட்கார்ந்து பேசாமல் பார்ப்பது. பக்கத்திலிருக்கும் விளக்கப் பலகையைப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவது நிமிடத்தில் நெளிவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3. *20–25:* பக்கத்தில் இருப்பவரோடு இருவர் இருவராகப் பேசட்டும். பத்துப் பேர் முன் பேசக் கூச்சப்படுபவர் ஒருவரிடம் பேசிவிடுவார். ஒன்றாக வந்த நண்பர்களையும் தம்பதிகளையும் வெவ்வேறு இணைகளில் உட்கார வையுங்கள்.

4. *25–45:* பொதுப் பேச்சு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய முறை இதற்கு உதவும். அதில் மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். “சோகமாக இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், எந்தக் கோட்டில், எந்த நிறத்தில் அந்தச் சோகம் தெரிகிறது என்று விரல்நீட்டிக் காட்டவைப்பது அந்தக் கேள்விதான். மற்றவர்களின் கண்ணும் அங்கே போகும்.

5. *45–50:* இப்போது விளக்கப் பலகையைப் படியுங்கள். ஓவியர் பெயர், ஆண்டு, ஊடகம். இதற்குமேல் வரலாறு தெரிந்தவர் இருந்தால் ஐந்து நிமிடம் பேசலாம்.

6. *50–60, அதன்பின்னும்:* தேநீர். இதைக் கூடத்துக்கு வெளியே வையுங்கள். வட்டம் உண்மையில் உருவாவது இங்கேதான். இதை விருந்தோம்பலின் உபரியாக நினைத்து நேரம் போதாதபோது வெட்டுகிறவர்கள் ஆறு மாதத்தில் ஆளிழப்பார்கள்.

*குறிப்பு:* தேநீருக்கு ஒரு பொது உண்டியல் வையுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்காதீர்கள். பத்து ரூபாய் போட முடியாதவர் அடுத்த முறை வராமல் போகக் கூடாது.

அடிக்கடி நேரும் தவறுகள்

நிபுணரை அழைத்துத் தொடங்குவது முதல் தவறு. பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசினால் மற்ற ஒன்பது பேரும் மாணவர்களாகிவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர் கட்டாயம் வேண்டும். ஆனால் அவர் கடைசியில் பேச வேண்டும்.

இரண்டாவது, யாரோ சொன்னதைத் திருத்துவது. “அது மயில் இல்லை, அன்னம்” என்று நடத்துபவர் வெட்டிச் சொன்னால், சொன்னவர் அன்றைக்கு மறுபடி வாய்திறக்கமாட்டார். “மயில் என்கிறார், வேறு என்னவாக இருக்கலாம்?” என்று கேட்டால் பத்துப் பேரும் பறவையை உற்றுப் பார்ப்பார்கள், அன்னம் தானாக வெளியே வரும்.

ஒருவரே பேசிக்கொண்டிருப்பது எல்லா வட்டத்திலும் நடக்கும். அவரைத் தேநீர் நேரத்தில் தனியே அழைத்து, “அடுத்த முறை நீங்கள் குறிப்பெடுத்துத் தர முடியுமா?” என்று கேளுங்கள். எழுதுகிற கை வாயைக் கொஞ்சம் நிறுத்தும். அவருக்கும் மரியாதை கிடைக்கும்.

இன்னொன்று, ஒளிப்படத்துக்காக நடத்துவது. பத்துப் பேர் வரிசையாக நின்று பதாகையோடு படமெடுத்துக்கொள்ளும் கூட்டங்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. படம் எடுக்க வேண்டுமானால் கடைசி ஐந்து நிமிடத்தில், விருப்பமுள்ளவர்களை மட்டும் நிற்கச் சொல்லி எடுங்கள்.

இரண்டாம் கட்டம்: ஆளுக்கொரு வேலை

மூன்றாவது சந்திப்பிலிருந்து வருபவர்களிடம் வேலையைப் பகிர்ந்துவிடுங்கள். ஒருவர் வாசலில் வரவேற்கட்டும். ஒருவர் அடுத்த மாதப் படத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் நாற்காலிக் கணக்கைப் பார்க்கட்டும். வேலை இருப்பவர் மழையிலும் வருவார்.

இந்தியாவில் இதன் பெரிய வடிவத்தைச் சென்னைக்கு அருகிலேயே காணலாம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் அதற்குப் பணம் திரட்டினார்கள். அவர்கள் கலைஞர்கள், இங்கே பேசுவது பார்வையாளர்களைப் பற்றி. ஆனாலும் சேர்ந்து செய்த வேலையே அவர்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது என்பது இரு தரப்புக்கும் பொருந்தும்.

கேலரி நடத்துபவர்களுக்குக் கூடுதலாக மூன்று முன்மாதிரிகள் உண்டு.

*சுவரில் தடம்.* ஸ்லோவாக்கியக் கலைஞர் ரோமன் ஒந்தாக்கின் ‘மெஷரிங் தி யூனிவர்ஸ்’ (2007) வெள்ளைச் சுவரோடு தொடங்கும். வருகிற ஒவ்வொருவரின் உயரத்தையும் ஊழியர் சுவரில் கோடிட்டுப் பெயரும் தேதியும் எழுதுவார். நாள்கள் போகப் போக, கண் உயரத்தில் ஒரு கரும்பட்டை திரண்டுவிடும். வீட்டில் பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் குறிக்கிற வழக்கத்தைத் தவிர இதற்கு வேறு தொழில்நுட்பம் இல்லை. இதை அப்படியே நகலெடுப்பது அவருடைய படைப்பைக் கையாடுவதாகும்; அதன் அடிப்படையை எடுத்துக்கொண்டு உங்கள் கூடத்துக்கென வேறொன்றை யோசியுங்கள். வருபவர் விட்டுச்செல்லும் தடம் அடுத்தவர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

*தேர்வில் பங்கு.* புரூக்ளின் அருங்காட்சியகம் 2008-ல் ‘கிளிக்’ என்ற ஒளிப்படக் கண்காட்சிக்காக மக்களிடமிருந்து 389 படங்களைப் பெற்றது. 3,344 பேர் இணையவழியே அவற்றை மதிப்பிட்டார்கள். 78 படங்கள் சுவருக்கு வந்தன. சின்னக் கேலரி இதைப் பெட்டியும் சீட்டும் வைத்தே செய்யலாம். ஆனால் தேர்வு முடிவை எந்த நிலையிலும் மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினால் அடுத்த சீட்டை யாரும் போடமாட்டார்கள்.

*பேச ஓரிடம்.* கொச்சி-முசிரிஸ் பினாலேயின் 2018 பதிப்பைத் தொகுத்த அனிதா துபே, கப்ரால் யார்டில் ஒரு பெவிலியன் அமைத்து உரையாடலுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் திறந்துவிட்டார். படங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு பகுதியை உட்கார்ந்து பேசுவதற்கு ஒதுக்கத் துணிச்சல் வேண்டும். சின்னக் கூடங்களில் வட்டமாகத் திருப்பிப் போட்ட நாற்காலிகளோடு ஒரு நீள பெஞ்சை வைத்தாலே போதும்.

வராதவர்கள் யார்?

நான்காவது மாதம் வட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். எல்லோரும் ஒரே வயதா, ஒரே கல்லூரியா, ஒரே சாதியினர் வசிக்கிற ஒரே தெருவா? அப்படியானால் அழைப்பு தெரிந்தவர்கள் வழியே மட்டும் போயிருக்கிறது. கூடத்தைச் சுற்றியுள்ள டீக்கடை, ஆட்டோ நிறுத்தம், நூலகம், அரசுப் பள்ளி ஆகிய நான்கிலும் தமிழில் எழுதிய அழைப்பை ஒட்டுங்கள். பேச்சும் தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கிலம் தெரிந்தால்தான் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசலாம் என்ற தயக்கம் நம் ஊரில் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இது ஓர் அநியாயம்; இதை மாற்றுவது நடத்துபவரின் கடமை.

முதியவர்களை மறக்காதீர்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2006-ல் நினைவிழப்பு நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் சேர்த்து ‘மீட் மீ அட் மோமா’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. கூடம் அப்போது பொதுமக்களுக்கு மூடியிருந்த செவ்வாய்க்கிழமையை அதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டமும் சத்தமும் இல்லாததால் முதியவர்கள் மிரளவில்லை. நெரிசல் குறைந்த நேரத்தில் ஒரு சந்திப்பைக் கேட்டுப் பெறுவது இங்கும் முடியாத காரியம் அல்ல. சாய்தளம் இருக்கிறதா, சக்கர நாற்காலி திரும்பும் அகலம் இருக்கிறதா என்பதை நீங்களே நடந்து பார்த்துச் சொல்லுங்கள். “இருக்கும்” என்று தொலைபேசியில் சொல்வதை நம்பாதீர்கள்.

காவலரையும் தேநீருக்கு அழையுங்கள். அந்தப் படங்களோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான்.

பாதுகாப்பு

*படைப்புகளுக்கு:*
- குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். மைப் பேனா, மார்க்கர் அறைக்குள் வரக் கூடாது.
- முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள், அல்லது வாசலில் வைக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது பின்னாலிருக்கும் பை எங்கே இடிக்கும் என்பது மாட்டியவருக்குத் தெரியாது.
- தண்ணீர் பாட்டில், தேநீர், தின்பண்டம் எல்லாம் வெளியே.
- ஃபிளாஷ், செல்ஃபி ஸ்டிக் வேண்டாம்.
- விரல்நீட்டிக் காட்டுபவர் இரண்டடி தள்ளி நின்று காட்டட்டும். வெண்கலச் சிலையைத் தொட்டுக் கும்பிடும் பழக்கம் பலருக்கு உண்டு. தொடக்கத்திலேயே பணிவாகச் சொல்லிவிட்டால் இடையில் யாரையும் தடுக்க வேண்டியிருக்காது.
- ஒட்டுச்சீட்டுகளைப் படத்தின் அருகில் ஒட்டவிடாதீர்கள். தனிப் பலகை வையுங்கள்.

*மனிதர்களுக்கு:*
- அவசர வழியையும் தீயணைப்பானையும் முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள். மடக்கு நாற்காலிகள் கதவை மறிக்கக் கூடாது.
- சிறுவர்கள் வந்தால் கூடவே பெற்றோரோ ஆசிரியரோ இருக்க வேண்டும்.
- இருட்டுமுன் முடியுங்கள். மாலைச் சந்திப்பானால் பேருந்து நிறுத்தம்வரை சேர்ந்து நடப்பதை வழக்கமாக்குங்கள்.
- யாரேனும் தொந்தரவு செய்தால் யாரிடம் சொல்வது என்பதற்கு ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் முதலிலேயே அறிவித்துவிடுங்கள். புகார் வந்தால் அன்றே விசாரியுங்கள். அவர் பழைய உறுப்பினர், நல்லவர் என்று மழுப்பாதீர்கள்.
- வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். முன்பின் அறியாதவர்கள் கலக்கும் வட்டத்தில், பெண்களின் எண்ணைக் கேட்காமல் சேர்ப்பது தவறு. நடத்துபவர் மட்டும் தனித்தனியே செய்தி அனுப்பும் ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் போதும். காலை வணக்கமும் அரசியல் காணொளியும் அதில் வரவும் முடியாது.

ஓராண்டுக்குப் பின்

எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கோடு இன்னும் இரண்டைக் குறித்து வையுங்கள். இரண்டாம் முறை வந்தவர்கள் எத்தனை பேர்? நீங்கள் இல்லாத மாதத்தில் சந்திப்பு நடந்ததா? இந்த இரண்டில் முதல் எண் உயராவிட்டால் தேநீர் நேரத்தையும் வரவேற்பையும் சரிபாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். இரண்டாவதற்கு விடை ‘இல்லை’ என்றால் அடுத்த மாதம் வேண்டுமென்றே விடுப்பு எடுங்கள்.

பன்னிரண்டாவது சந்திப்பில் பெயர்ப்பட்டியல், அனுமதிக் கடிதத்தின் நகல், உண்டியல் கணக்கு மூன்றையும் இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். அதற்கடுத்த மாதம் நீங்களும் வாசலில் ஒரு பெயர்ச்சீட்டு வாங்கி ஒட்டிக்கொண்டு உள்ளே வாருங்கள்.